கொசு கடித்த இடத்தில் ஈரத்துணி செய்யும் வேலை

செல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நானும் என் நான்கு வயது மகனும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். கொசு இரண்டு பேரையும் கடிக்கிறது. எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அவனுக்கு ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடித்துவிடுகிறது, இரவெல்லாம் சொறிகிறான். அவன் ரத்தம் இனிப்பு என்கிறார் அத்தை. உண்மையா?”

ஐப்பசி மழை பெய்து, கிருதுமால் ஓடையிலும் தெருப் பள்ளங்களிலும் தண்ணீர் தேங்கிவிட்டால் மதுரையில் பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. அத்தை சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கொசுவை இழுப்பவை நம் மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, உடற்சூடு, தோலின் வாடை. அரிப்புக்குக் காரணம் கொசுவின் எச்சில். ரத்தம் உறையாமல் இருக்கப் பெண் கொசு அதை உள்ளே செலுத்துகிறது. அதன் புரதங்களை நம் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருள் என்று இனங்காண்கிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள், அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, தோல் தடிக்கிறது. இதுவரை பள்ளிப் பாடம்.

தாய்க்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கான விடை 1946-இல் பிரிட்டிஷ் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி விவரித்த ஒரு வரிசையில் இருக்கிறது. முதன்முதலாகக் கடிபடும் உடல் எதையும் காட்டாது. சில முறை கடிபட்டதும் மறுநாள் தடிக்கத் தொடங்கும். பிறகு உடனேயும் தடிக்கும், மறுநாளும் தடிக்கும். ஆண்டுக்கணக்கில் கடிபட்டபின் உடனடித் தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் நின்றுபோகும். அம்மா அநேகமாகக் கடைசிப் படிக்கு வந்துவிட்டார், மகன் இன்னும் நடுப்படியில் நிற்கிறான்.

சரி, அதுவரை இரவில் என்ன செய்வது? ஈரத்துணி வையுங்கள். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் அந்தத் துணி தண்டுவடத்தில் செய்யும் வேலை, எனக்குத் தெரிந்த உடலியல் அதிசயங்களில் மிக அழகானது.

ஹிஸ்டமின் கிளப்பும் அரிப்புச் செய்தியை எடுத்துச் செல்பவை உறையில்லாத மெல்லிய நரம்பிழைகள். அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் அரை மீட்டர். நீங்கள் சாவகாசமாக நடந்தாலே அதை முந்திவிடலாம். அந்தச் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு செல் கூட்டத்திடம் கைமாறுகிறது. 2007-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தச் செல்கள் செய்தி வாங்கப் பயன்படுத்தும் ஒரு ஏற்பி இல்லாத எலிகளைச் சோதித்தார்கள். எலிகள் வலியை வழக்கம்போல் உணர்ந்தன. சொறிவது மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. அரிப்பு என்பது இளைத்துப்போன வலி என்ற பழைய கருத்து அதோடு ஆட்டம் கண்டது.

அந்தச் செல்களின் பக்கத்திலேயே அவற்றை அடக்கும் வேறு செல்கள் இருக்கின்றன, வாயிற்காவலரைப் போல. வலி வந்தால் அவை டைனார்ஃபின் என்ற பொருளை வெளியிட்டு அரிப்புச் செய்தியை அங்கேயே தடுத்துவிடும். சொறிந்தால் சுகமாக இருப்பது இதனால்தான்: நகத்தால் நாம் நமக்கே ஒரு சிறு வலியைக் கொடுத்துக்கொள்கிறோம். சிக்கலும் அங்கேதான். அந்த வலியைத் தணிக்க மூளை செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அனுப்புகிறது. அதே செரட்டோனின் தண்டுவடத்தின் அரிப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது. இதையும் எலிகளில்தான் கண்டார்கள், 2014-இல். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிறது, குழந்தையை அதட்டிப் பயனில்லை.

குளிர்ச்சி அதே காவலரை எழுப்புகிறது, ஆனால் தோலைக் கிழிக்காமல். நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்று ஒரு புரதம் உண்டு. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 2002-இல் தனித்தனியே புதினா உப்பான மென்தாலைக் கொண்டு இதைக் கண்டறிந்தார்கள். வெப்பம், தொடுவுணர்வு குறித்த ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தோலின் சூடு சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இந்தப் புரதம் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே பனிக்கட்டியை வைத்து அழுத்தி, பிள்ளையை அலற வைக்க வேண்டியதில்லை. மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி, மேலே மின்விசிறி, பத்து நிமிடம். ஈரம் ஆவியாக ஆவியாகச் சூடு இன்னும் இறங்கும். காலமைன் லோஷன் பூசியதும் சில்லென்று இருப்பதிலும் பெரும்பங்கு இந்த ஆவியாதலுக்குத்தான்.

துணி வைப்பதற்கு முன், கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்த புண் சீழ் பிடிப்பதுதான் குழந்தைகளுக்கு நேரும் நிஜமான தொல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவாதீர்கள். எறும்புக் கடியின் அமிலத்தை அது முறிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், கொசுவின் எச்சிலில் முறிக்க அப்படி எதுவும் இல்லை என்பதையும், சுண்ணாம்பே தோலைப் புண்ணாக்கும் காரம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். சிறு குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பே வரலாம்.

சிலர் உடல் முழுக்கத் தடித்தால் காணாக்கடி என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இத்தகைய தடிப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே அமுங்கிவிடும். வேப்பிலை அடித்தவர் பெயரைத் தட்டிக்கொள்கிறார், தட்சணையும் வாங்கிக்கொள்கிறார்.

மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்களை ஆராய்வதற்கு நம் சின்னச்சொக்கிகுளத்தில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையமே இருந்தது. பிறகு அது புதுச்சேரி மையத்தோடு இணைக்கப்பட்டது. நோய் பரப்பும் கொசுவுக்கே இந்த நிலை என்றால், வெறும் அரிப்பை ஆராய யார் நிதி கொடுப்பார்கள்? தூக்கம் கெட்ட பிள்ளைகளை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. இது தவறான சிக்கனம் என்றே நினைக்கிறேன்.

இரவில் தூங்கவே முடியாத அளவுக்கு அரித்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது, பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இரைத்தால் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடித்த இடத்தின் சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.