படிப்பு முடியும் நாளில் என்ன விதி?

பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்து கல்விக் கடன் விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். சமீபத்தில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான தாளை அப்பா பிளாஸ்டிக் கவரிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டினார். பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி., 2026 செப்டம்பர் சேர்க்கை. 'படிப்பு முடிந்து 2 ஆண்டு வேலை பார்க்கலாம்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு.

நான் அடித்தது அந்த வரியைத்தான். 2027 ஜனவரி 1 முதல், படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கத் தரும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு 18 மாதம்தான். இந்தப் பெண் படிப்பை முடிப்பதே 2027 கடைசியில்.

"ஆறு மாசம்தானே சார் குறையுது?" என்றார்.

சரி, கணக்குப் போடுவோம் என்றேன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்கிறது. அது முடிந்து முதல் தவணை வரும்போது விசாவில் மிச்சம் ஏறக்குறைய 6 மாதம். அந்த ஒரு வருடமும் வட்டி மட்டும் சும்மா இருக்காது.

பிரிட்டன் மட்டுமில்லை. கனடாவில் படிக்க அனுமதி கேட்கும்போது, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம் 2023 வரை 10,000 கனடா டாலர், 2024-இல் 20,635, 2025 செப்டம்பரிலிருந்து 22,895. கட்டணமும் பயணச் செலவும் தனி. அங்கே கல்லூரி டிப்ளமோ படித்தால், குறிப்பிட்ட துறைகளுக்குத்தான் பிறகு வேலை அனுமதி. "அண்ணன் பையன் போனானே" என்பார்கள். அவன் போனது பழைய விதியில்!

ஜெர்மனி என்றால் இலவசம் என்பது இன்னொரு நம்பிக்கை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

அதுவரை பேசாமலிருந்த மகள் கேட்டாள்: "அங்கே வேலை கிடைக்காம பெங்களூருக்கே திரும்பினா, எவ்வளவு சம்பளம் வந்தா இந்தக் கடனைக் கட்ட முடியும் அங்கிள்?"

ஏஜென்ட் தாளைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கத்தில் முதலில் அந்தச் சம்பளத்தை எழுதினோம். எவ்வளவு கடன் கேட்கலாம் என்பதை அதிலிருந்து பின்னோக்கிப் போட ஆரம்பித்தோம்.