அழிறப்பரை ஒரு பக்கம் வையுங்கோ

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். "பிள்ளைக்கு அட்சரகணிதம் ஏறுதில்லை ரீச்சர்" என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது வீட்டுவேலைக் கொப்பியைத்தான். போன கிழமை தரம் 9 பிள்ளை ஒருத்தியின் கொப்பி வந்தது. எல்லாமே சரி விடை, ஒரு வெட்டுக்கூட இல்லை, ஆனால் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வரிக்கு வரி அழித்த தடம். தான் செய்ததை அழித்துவிட்டு, கணக்கைப் போனில் படம் பிடித்தால் செயலி காட்டுகிற படிகளை அதற்கு மேலேயே எழுதியிருக்கிறாள்.

எனக்கு வேண்டியது அந்த அழிந்த வரிதான்.

பக்கத்தில் இருத்தி ஒரு கணக்குக் கொடுத்தேன்: 11 − 2(எக்ஸ் − 3) = 5. அடைப்பை நீக்கி 11 − 2எக்ஸ் − 6 = 5 என்று எழுதினாள், எக்ஸ் = 0 என்று முடித்தாள். பெருக்கத் தெரிகிறது, சமன்பாட்டைத் தீர்க்கவும் தெரிகிறது, சய (மைனஸ்) 2ஐச் சய 3ஆல் பெருக்கினால் சக (பிளஸ்) 6 வரும் என்ற ஒரே இடத்தில்தான் வழுக்குகிறாள். "சரி, அந்த 0ஐத் திரும்பப் போட்டுப் பார்" என்றேன். இடப்பக்கம் 17 வந்தது, 5 வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே இரண்டாம் வரியில் விரலை வைத்தாள். குறியைத் திருத்திச் செய்ததும் எக்ஸ் = 6 வந்தது. இந்த ஒரு குறிக்காக அந்தப் பிள்ளை "எனக்குக் கணிதம் வராது" என்று நம்பிக்கொண்டிருந்ததை நினைத்தால் மனம் பொறுக்குதில்லை.

கேத்திரகணிதத்தில் பிழை வேறு மாதிரி. அங்கே கண் ஏமாற்றும். படத்தில் இரண்டு பக்கம் ஒரே அளவாகத் தெரிந்தால் உடனே இருசமபக்க முக்கோணி என்று எழுதிவிடுவார்கள், உச்சிக்கோணம் 40 பாகை என்றால் மற்றக் கோணங்கள் 70, 70 என்று ஓடிவிடுவார்கள். அந்தப் பக்கங்கள் சமன் என்று தரவில் எங்கே இருக்கிறது? சிலர் பாகைமானியை வைத்து அளந்தே விடை எழுதுகிறார்கள். கணக்கில் வருகிற படம் பெரும்பாலும் பரும்படிப் படம், அளப்பதற்குக் கீறியதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் காரணம் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பைதகரஸ் தேற்றத்துக்கு (செங்கோண முக்கோணியின் மூன்று பக்கங்களையும் தொடுக்கிற விதி) பயப்படுகிற பெடியனை வீடு கட்டுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அத்திவாரம் போடும்போது மேசன்மார் ஒரு மூலையிலிருந்து நூலில் இந்தப் பக்கம் 3 அடி, அந்தப் பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே சரியாக 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை செங்கோணம்.

வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சமன்பாடு என்றால் "விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?", படம் என்றால் "இது தரவில் இருக்கா?" என்று கேட்டாலே போதும். பிழைத்த வரியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுக் கீழே திரும்பச் செய்யட்டும், போனை அதற்குப் பிறகு எடுக்கலாம். கொப்பி வடிவாக இல்லை என்று மட்டும் ஏசாதேங்கோ.