பெட்ரோல் போவது காற்றுக்கா, பிரேக்குக்கா?

நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியதும், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். குப்பென்று அனல் அடிக்கும். (டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்.) அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல். இன்ஜின் அதை எரித்து வண்டிக்கு வேகம் கொடுத்தது. பிரேக் அந்த வேகத்தைச் சூடாக்கி வெளியே விட்டுவிட்டது.

எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 116 கிலோஜூல். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை நின்று மறுபடி அந்த வேகத்தை எட்டவும் 14 மில்லி பெட்ரோல் செலவாகும். கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. போக வர 60 தடவை இப்படி நின்றால், அதற்கு மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல்.

நெடுஞ்சாலையில் கதையே வேறு. அங்கே பிரேக் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பெட்ரோலைத் தின்பது காற்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நடுத்தரக் காருக்கு டயரின் உருளல் தடையும் காற்றின் தடையும் ஏறத்தாழ சமம், தலைக்கு 110 முதல் 120 நியூட்டன். டயரின் தடை அதற்கு மேல் பெரிதாக ஏறாது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 100 கிலோமீட்டரில் அது 300 நியூட்டனைத் தாண்டிவிடும். இரண்டையும் கூட்டினால், 80-இல் போகிறவர் 100-க்குப் போகும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. 120 என்றால் முக்கால் பங்கு கூடுதல்.

அதனால், தினமும் நெடுந்தூரம் போகிறவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் சாலையைப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்கு ஒரே ஓர் எண் போதும்: சராசரி வேகம். போன தூரத்தை, ஆன நேரத்தால் வகுத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்தால் தெளிவாகிவிடும். 25, 30 என்று வந்தால், தூரம் எவ்வளவு அதிகமானாலும் உங்கள் பெட்ரோல் பிரேக்கில் போகிறது. 65, 70 என்று வந்தால் காற்றில் போகிறது.

பிரேக்கில் போனால், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் கார் நல்ல தேர்வு. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் இதைப் பரவலாக்கியது. வேகம் குறையும்போது மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சூடாகப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பும். அப்புறம், பலர் கவனிக்காத இன்னொரு நன்மையும் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போக ஒரு நடுத்தரக் காருக்கு வெறும் 16 குதிரைத்திறன் போதும். இருப்பதோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு. மிச்சத்தை அடக்கிவைக்க, பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியை த்ராட்டில் என்ற மடல் பாதிக்குமேல் மூடிவிடுகிறது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மூச்சிழுப்பது போல பிஸ்டன்கள் திணறுகின்றன. நல்ல பெட்ரோல் இன்ஜின் உச்சத்தில் 35 முதல் 40 சதவீதம் ஆற்றலை வேலையாக மாற்றும். இப்படித் திணறி ஓடும்போது அது பாதியாகக்கூடக் குறையும். ஹைப்ரிட்டில் சுமை குறைவான நேரத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும், இன்ஜின் தனக்கு வசதியான இடத்தில் மட்டும் ஓடும்.

ஆனால் சராசரி 70-இல் போகிற சாலையில் மீட்டெடுக்க வேகமே வீணாவதில்லை. ஹைப்ரிட்டின் லாபம் அங்கே சுருங்கிவிடும். அந்தச் சாலைக்குத் தாழ்வான, குறுகலான, காற்றை வழுக்கிக்கொண்டு போகும் உடலமைப்புதான் வேண்டும். உயரமான எஸ்யூவி இங்கே தினமும் அபராதம் கட்டும். கூரையில் காலியாகக் கிடக்கும் கேரியரும் அப்படித்தான், கழற்றிவையுங்கள். தேவைக்கு மேல் பெரிய இன்ஜினும் வேண்டாம்.

டீசல் இப்படிப்பட்ட சாலைக்குப் பொருத்தம். அதில் இன்ஜினின் வலுவைக் கட்டுப்படுத்த த்ராட்டில் தேவையில்லை, எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைத்தே சமாளிக்கிறது. லிட்டருக்கு ஆற்றலும் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகம். நெரிசலில் ஊர்கிறவர்கள் இன்றைய டீசல் காரை வாங்கத் தயங்குவது நல்லது. புகைக்குழாயில் உள்ள கரிவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். நின்று நின்று போகும் வண்டியில் அது நடக்காமல் கரி அடைத்துக்கொள்ளும்.

சரி, நிறுவனம் சொல்லும் மைலேஜை நம்பலாமா? இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் டபிள்யூஎல்டிபி என்ற மைலேஜ் சோதனை, 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறது. சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர். உங்கள் சராசரி வேகம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்கு உங்கள் மைலேஜும் விலகலாம்.

மைலேஜ் எண்ணே ஒரு விதத்தில் நம்மை ஏமாற்றக்கூடியது. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுத்த காரை விட்டு 25 கொடுக்கும் காருக்கு மாறினால் 240 லிட்டர் மிச்சம். 10 கொடுத்ததை விட்டு 12 கொடுப்பதற்கு மாறினால் 400 லிட்டர் மிச்சம். வீட்டில் இரண்டு கார் இருந்து, இரண்டும் ஒரே அளவு ஓடினால், முதலில் மாற்ற வேண்டியது அதிகம் குடிக்கும் அந்தப் பழைய வண்டியை.