பொப்பிசையா, துள்ளிசையா?

மட்டக்களப்பில் ஒரு கல்யாண வீடு. சாப்பாடு முடிந்ததும் ஒரு மாமி பாட்டுப் போடும் பையனிடம் போய், "மறுகா ஒரு பைலா போடுங்க மகன்" என்றார். கேட்டால் ஆடவைக்கும் அந்தத் தாளத்தில் 'சுராங்கனி' ஒலித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விடவில்லை: "அது பைலா இல்ல, பொப்பிசை." இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சிக்கல் சொல்லில் இருக்கிறது.

'பொப்' என்பது 'பொப்பியுலர்' என்ற ஆங்கிலச் சொல்லை வெட்டிக் குறுக்கியது. அதன் அடி இலத்தீன் 'பொப்புலுஸ்', அதாவது மக்கள். பலர் விரும்பிக் கேட்பது என்ற பொருள் மட்டுமே அதில் உண்டு. தாளம் பற்றி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் இதைப் 'பாப்' என்பார்கள். டாக்டர் நமக்கு டொக்டர் ஆனது போல, இதுவும் பொப் ஆயிற்று. 'இசை'யோடு சேர்ந்ததும் பொப்பிசை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிக்கு இந்த வெள்ளைக்காரச் சொல்லும் பணிந்துவிட்டது!

தமிழில் இதற்குத் 'துள்ளிசை' என்று பெயர் வைத்தார்கள். அழகான சொல். கலிப்பாவின் ஓசையே துள்ளல்தான். ஆனால் இது மொழிபெயர்ப்பு அல்ல. மூலச்சொல் கேட்பவரைச் சொல்கிறது, துள்ளிசையோ தாளத்தைச் சொல்கிறது. ஏன் இப்படி? 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த ஏ. ஈ. மனோகரனும் புகழ்பெற்ற காலத்தில், நம்மவர் காதுக்குப் பொப் என்றாலே பைலாத் தாளம். கேட்டதும் கால் தானாக ஆடும் அந்த ஆறு தட்டு. கேட்டதற்குப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

பைலா போர்த்துக்கேயச் சொல். 'பைலார்' என்றால் ஆடுதல். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறினாலும் பாட்டு போகவில்லை. இங்குள்ள பறங்கியர், அதாவது அந்த ஐரோப்பியரின் வழிவந்தவர்கள், வீட்டுக் கல்யாணங்களில் வயலின் இசைக்கு ஆடும் கபிரிஞ்ஞா பைலாவின் உறவுதான். அந்தப் பெயருக்குள் நம் 'காப்பிரி' ஒளிந்திருக்கிறது: போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்.

பொப்பின் வரலாறு எங்கே தொடங்குகிறது, எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளலாம் என்று விமர்சகர்களும் ஆய்வாளர்களும் உலகெங்கும் மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2002 முதல் இதற்கென்றே ஒரு மாநாடு நடக்கிறது. ரொக் இசைதான் உண்மையானது, பொப் வெறும் வியாபாரம் என்ற மனப்பான்மையை 2004இல் இசை விமர்சகர் கெலஃபா சானே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் சாடியது பெரிய வாதத்தைக் கிளப்பியது. நம் ஊரிலும் வித்துவான்கள் பைலாவைப் பற்றி முகம் சுளித்ததுண்டே, அதே குணம்தான்.

நம்மிடையே இந்த வாதம் வந்தால், எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதே பாதி முடிவு. துள்ளிசை என்றால் கதை பறங்கியரின் வயலினிலிருந்து தொடங்கும். பொப்பிசை என்றால் வானொலியும் இசைத்தட்டும் வந்த பிறகுதான்.

சரி, எதை எழுதுவது? உலகளாவிய பெரும்பரப்பைச் சொல்ல 'வெகுசன இசை' போதும். 'பரப்பிசை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிரசாரப் பாட்டு போலக் கேட்கிறது. ஈழத்துப் பாடல்களுக்குப் பொப்பிசை என்றே இருக்கட்டும், அது அவற்றின் வரலாற்றுப் பெயர். துள்ளுகிற பாட்டை மட்டும் துள்ளிசை என்போம். காதலி போய்விட்டாள் என்று மெல்ல அழுகிற பொப் பாட்டை அப்படி அழைத்தால் பாடியவரே கோபிப்பார். பைலாவுக்கு மாற்றுச்சொல் தேடும் வேலையே வேண்டாம். அந்த மாமி அதை வேற்றுச்சொல்லாக நினைத்துக் கேட்கவில்லை.