பொருள்வகை நலன்: ஈ.ஏ. பாரத்தில் ஒரு சொல்

மலேசியாவில் முதலாளி பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டிய, ஆண்டுச் சம்பளக் கணக்கான ஈ.ஏ. பாரத்தின் ‘பி’ பகுதியில், சம்பளத்துக்குக் கீழே மலாயில் ‘மன்ஃபாஅட் பெருபா பாராங்ஙான்’ என்றொரு வரிசை இருக்கும். கோலாலம்பூர் அலுவலகங்களில் இதை ‘பி.ஐ.கே.’ என்பார்கள், விரித்தால் ‘பெனிஃபிட் இன் கைண்ட்’. இந்தக் ‘கைண்ட்’டுக்கும் தயவுக்கும் சம்பந்தமில்லை. காசுக்குப் பதில் நெல்லாகவோ பாலாகவோ கொடுப்பதைக் குறித்த பழைய வழக்கு அது.

தமிழில் ‘பொருள்வகை நலன்’ என்றால் சரியாக இருக்கும். ‘சலுகை’ பொருந்தாது, வரி போடும் இடத்தில் அந்தச் சொல் ஆளை ஏமாற்றும். ‘படி’யும் கூடாது. தானியம் அளந்த படிதான் பஞ்சப்படி, பயணப்படிகளில் வந்து நிற்கிறது என்றாலும், இன்று படி என்பது கையில் வரும் காசு.

கூடவே வரும் ‘பெர்க்குவிசிட்’ வேறு. தேடிப் பெற்றது என்ற பொருளுள்ள லத்தீன் வேர். ‘வேலைவழி ஆதாயம்’ எனலாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: காசாகவோ காசாக மாற்றக்கூடியதாகவோ வந்தால், அல்லது உங்கள் கடனை முதலாளி அடைத்தால், ஆதாயம். கம்பெனி கார்போல அனுபவிக்க மட்டும் முடிந்தால், பொருள்வகை நலன்.

மருத்துவக் காப்புறுதியில் குழப்பம் இங்கேதான். நிறுவனம் தன் பெயரில் குழுக் காப்புறுதி எடுத்து உங்களுக்கு மருத்துவ அட்டை கொடுத்தால், அது பொருள்வகை நலன். மருத்துவம், பல் மருத்துவம் என்ற வகையில் விலக்கும் உண்டு. பிரிட்டனில் இதே பி.ஐ.கே. என்ற பெயரில், முதலாளி கட்டும் தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு வரி உண்டு. அங்கத்திய விளக்கத்தைப் படித்துவிட்டு இங்கே பயப்பட வேண்டாம்.

ஆனால் பாலிசி உங்கள் பெயரில் இருந்து, மாதம் 200 ரிங்கிட் சந்தாவை முதலாளி கட்டினால் கதை வேறு. கட்ட வேண்டியவர் நீங்கள், கட்டியவர் அவர். ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் வேலைவழி ஆதாயம், வரி உண்டு. அது ஈ.ஏ. பாரத்தில் போனஸ் வரிசைக்கு அடுத்துள்ள ‘பெர்க்குவிசிட்’ வரிசையில் ஏற வேண்டும், பொருள்வகை நலன் வரிசையில் அல்ல.

எந்த வரிசையில் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பொருள்வகை நலன் என்று எழுதினால், மருத்துவ விலக்கு உண்டென்று தவறாக நினைத்து, மாதாந்திர வரிப் பிடித்தத்தில், அதாவது பி.சி.பி.யில், சேர்க்காமல் விட்டுவிடலாம். அப்படி மாதாமாதம் பிடிபடாத வரி, ஆண்டு வருமான வரிக் கணக்கான பி.இ. பாரம் நிரப்பும் நேரத்தில் மொத்தமாக வந்து நிற்கும்.

இன்னொரு தவறு, முதலாளி கட்டிய குழுச் சந்தாவைத் தன் வரிக்கழிவில் காட்டுவது. கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 4,000 ரிங்கிட்வரை. அது நீங்கள் கட்டிய காசுக்கு மட்டும். குழுக் காப்புறுதியில் மனைவி, பிள்ளைகளுக்காக உங்கள் சம்பளத்தில் பிடித்த பகுதி இருந்தால், அந்தத் தொகையைத் தனியாகக் காட்டும் சந்தாக் கணக்கைக் கேட்டு வாங்கி ஏழு ஆண்டு வைத்திருங்கள்.