மோர்மோ வந்துடும்! பூச்சாண்டி பயம் குழந்தைங்க மூளைல எப்படி வேலை செய்யுது?

கிமு 3ஆம் நூற்றாண்டுல தியோக்ரிட்டஸ்னு ஒரு கிரேக்கக் கவிஞர். அவரோட ஒரு பாட்டுல, அலெக்ஸாண்ட்ரியால ஒரு அம்மா அடோனிஸ் திருவிழாவுக்குக் கிளம்புறாங்க, பையன் அழுறான், உடனே அந்தம்மா "மோர்மோ! குதிரை கடிக்கும்!"னு சொல்லிட்டுக் கிளம்பிடுறாங்க. கிரேக்க வீடுகள்ல பூச்சாண்டி இந்த மோர்மோதான். மோர்மோ எப்படி இருக்கும்னு அந்தம்மா சொல்லவே இல்ல, சொல்லவும் வேணாம், மிச்சத்தைப் பையனே கற்பனை பண்ணிக்குவான். கிமு 4ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எரின்னா செத்துப்போன தோழிய நினைச்சு எழுதின பாட்டுல, சின்ன வயசுல ரெண்டு பேரும் மோர்மோக்குப் பயந்தது வருது. பெரிய காது, நாலு காலு, முகம் வேற மாறிக்கிட்டே இருக்கும்.

சரி, பார்க்காத ஒண்ணுக்கு எப்படிப் பயம் வருது? ஸ்டான்லி ராக்மன்ங்கிற உளவியலாளர் 1977ல மூணு வழி சொன்னார்: நாமளே அடிபட்டுக் கத்துக்கறது, அடுத்தவங்க பயப்படறதப் பார்த்துக் கத்துக்கறது, வெறும் பேச்சக் கேட்டே கத்துக்கறது. மோர்மோ இந்த மூணாவது வழி. இங்கிலாந்துல ஆண்டி ஃபீல்ட் குழு குழந்தைங்களுக்கு அவங்க கேள்வியே படாத ஆஸ்திரேலியா மிருகங்களப் பத்தி நல்ல கதையும் கெட்ட கதையும் சொல்லிப் பார்த்தாங்க. கெட்ட கதை கேட்ட மிருகம் பெட்டிக்குள்ள இருக்குன்னு சொன்னா, அதுல கைய விடவே குழந்தைங்க ரொம்ப தயங்குனாங்க. கடிச்சது கிடையாது, பார்த்தது கூட கிடையாது, வார்த்தை மட்டுந்தான்.

எனக்கு இதவிட முக்கியமாப் படறது பால் ஹாரிஸ் குழு 1991ல வெளியிட்ட ஆய்வு. 4லருந்து 6 வயசுக் குழந்தைங்ககிட்ட காலிப் பெட்டியத் திறந்து காட்டிட்டு, உள்ள ஒரு பூதம் இருக்கறதா கற்பனை பண்ணிக்கோன்னு சொன்னாங்க. கேட்டா, நிஜமா இல்ல, சும்மா நினைச்சுக்கறதுதான்னு குழந்தைங்களே தெளிவா சொல்லுதுங்க, ஆனா பெரியவங்க ரூம விட்டு வெளிய போறேன்னதும் சில 4 வயசுக் குழந்தைங்க போகவே விடல! அதாவது "இல்ல"ன்னு தெரியறதும் பயப்படறதும் ஒண்ணா சேர்ந்தே இருக்கு. பயத்துல பெரிய பங்கு இருக்கற அமிக்டலாங்கற மூளைப் பகுதி பிறக்கும்போதே ஓரளவு தயாரா இருக்கு, அத அடக்கி வைக்கற, நெற்றிக்குப் பின்னால இருக்கற மூளைப் பகுதி வளர்ந்து முடியவோ இருபது வயசத் தாண்டிடும். அதனாலதான் "அங்க ஒண்ணும் இல்லடா, தூங்கு"ன்னு ஒரு தடவ சொன்னா வேலைக்கு ஆகறதில்ல, குழந்தை அடம் பிடிக்குதுன்னு திட்டறது அநியாயம்.

பிளேட்டோவோட ஃபீடோங்கற உரையாடல் நூல்ல, சாக்ரடீஸ் சாகப்போற அன்னிக்கு அவர்கிட்ட கீபீஸ்ங்கற நண்பர் சொல்றார், நமக்குள்ளயும் சாவ மோர்மோ மாதிரி நினைச்சுப் பயப்படற ஒரு குழந்தை இருக்கும்போலன்னு. அதுக்கு சாக்ரடீஸ், அந்தப் பயம் போற வரைக்கும் தினமும் மந்திரம் பாடணும்ங்கறார். தினமும்ங்கறத கவனிங்க. பயப்பட்ட நினைவ மூளை அழிக்கறதில்ல, "இது ஆபத்தில்ல"ங்கற புது நினைவ அதுக்கு மேல எழுதுது, அது ஊறணும்னா திரும்பத் திரும்ப நடக்கணும். இருட்டுக்குப் பயப்படற பிள்ளைங்களுக்கு இப்போ கொடுக்கற பயிற்சியும் அப்படித்தான் போகுது: முதல்ல கதவத் திறந்து வச்சு கொஞ்ச நேரம் இருட்டுல விளையாட்டு, அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம், அப்புறம் கதவ சாத்திட்டு.