மழலையர் கல்வி மசோதா: நிதிக் குழுவைக் கடப்பது எப்படி?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் மழலையர் கல்விக்காகப் பேசத் தயாராகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆய்வறிக்கைகளோடு வருகிறார்கள். மழலையர் கல்வியின் நீண்டகாலப் பலனை அளந்த, மிச்சிகனின் பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு தவறாமல் இருக்கும். ஆய்வுகள் தேவைதான். ஆனால் அவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: இதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், அந்தக் கணக்கின் சாவி எந்தக் குழுவிடம் இருக்கிறது?

நியூ மெக்சிகோவில் எண்ணெய், எரிவாயு வருவாயால் பெருகிய நிரந்தர நிதி ஒன்று உண்டு. அதிலிருந்து ஆண்டுதோறும் கூடுதலாக ஒரு பங்கை மழலையருக்கு ஒதுக்கும் தீர்மானத்தைக் கீழவை பலமுறை நிறைவேற்றியது. செனட்டில், குறிப்பாக அதன் நிதிக் குழுவில், அது முடங்கியது. குழுத் தலைவர் ஜான் ஆர்தர் ஸ்மித்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களும் ஒரே ஜனநாயகக் கட்சியினர். வருங்காலத் தலைமுறைக்கான மூலதனம் கரைந்துவிடக் கூடாது என்பது ஸ்மித்தின் கவலை. அது நியாயமான கவலை. அதற்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும், உருக்கமான பேச்சு போதாது. 2020 கட்சி உள்தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டே தீர்மானம் நிறைவேறியது. அது மாநில அரசியலமைப்பைத் திருத்துவது என்பதால் மக்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது; 2022 நவம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். மழலையர் கல்விக்கெனத் தனித் துறை அமைக்கும் சட்டம் 2019இலேயே வந்திருந்ததால், பணத்தை யார் பொறுப்பாகச் செலவழிப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை தயாராக இருந்தது.

ஒக்லஹோமா வேறு வழியில் போனது. அங்கே சில பள்ளி மாவட்டங்கள் மாநில மானியத்துக்காக நான்கு வயதுக் குழந்தைகளை ஐந்து வயதினர் வகுப்பில் உட்காரவைத்தன. 1998இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜோ எடின்ஸ் கொண்டுவந்த மசோதா அந்த ஓட்டையை அடைத்தது. கூடவே நான்கு வயதினர் அனைவரையும் பள்ளி மானியக் கணக்குக்குள் சேர்த்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபிராங்க் கீட்டிங் அதில் கையெழுத்திட்டார். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. தனித் திட்டமாக இருந்தால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வெட்டுக்குப் பயந்திருக்க வேண்டும். சேரும் குழந்தையோடு பணமும் வரும் ஏற்பாட்டில் அந்தப் பயம் குறைவு.

கால அட்டவணையையும் பாருங்கள். நியூ மெக்சிகோ சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில் 60 நாள், இரட்டைப்படை ஆண்டில் 30 நாள்தான் கூடும். கூட்டம் தொடங்கிய பிறகு நிதிக் குழுத் தலைவரைத் தேடுவது தாமதம். சட்டமன்றம் கூடாத காலத்தில் செயல்படும் இடைக்காலக் குழுக்கள் கூடும் மாதங்களிலேயே அவரைச் சந்தியுங்கள். அவர் தொகுதிப் பெற்றோர் ஒருவரையும் அங்கே மழலையர் பள்ளி நடத்தும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். திட்டத்தின் ஐந்தாம் ஆண்டுச் செலவுக் கணக்கு கையில் இருக்கட்டும்.